பாலம் கத்தாத காலை

விளிம்பில் பூச்சுப் பெயர்ந்த ஓர் எனாமல் கோப்பை. ரயில் கடவையில், கேற்றின் தடுப்பு மரத்துக்குப் பக்கத்துச் சீமெந்துத் தூணின் மேல், பாதித் தேநீரோடு அது இருந்தது. ரயில் கடந்து போயிருந்தது. என் ஸ்கூட்டி தண்டவாளத்தின் இரு பக்கமும் துண்டுகளாகக் கிடந்தது. வயலில் நின்றவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். நானோ அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதுதான் அந்த நேரத்தில் என்னால் நம்ப முடியாததாக இருந்தது.

ஏனென்றால் அந்தக் கோப்பையை, கடவைக் காவலுக்கு நின்ற கேற் அக்கா ஒருநாளும் தூணில் வைத்துவிட்டு ரயிலை அனுப்பியதில்லை. எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்போம். பழைய கோச்சி வந்தால் தூண் ஆடும், தேநீர் தளும்பும். அதனால் ஒரு கையில் பச்சைக் கொடி, மறு கையில் கோப்பை என்று நிற்பார். கிரான் பக்கத்து வயல்வட்டைகளுக்குப் போகும் பாதையில் அது ஒரு சின்னக் கடவை. மணி இல்லை, விளக்கு இல்லை, குறுக்கே இறக்கும் ஒரு மரமும் அக்காவும்தான். மணிக்கூட்டைவிட அவர் நம்பியது வாவிக்கிளை மேல் இருந்த இரும்புப் பாலத்தை. கோச்சி ஏறியதும் பாலம் ஊருக்கே கேட்கிற மாதிரி அலறும். "பாலம் கத்தினாப் பிறகு ஒரு தேத்தண்ணி குடிக்க நேரம் கிடக்கு புள்ள. பாலம் கத்தாமக் கோச்சி வராது" என்பார். அந்த வார்த்தையை வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் வீட்டிலிருந்து புறப்பட்டோம். அவருடைய கேற்றில் ஒரு ஆட்டுக்குட்டிகூட அடிபட்டதில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை.

பிறகு புதுக் கோச்சி வந்தது. வெள்ளை நிறம், முன்னும் பின்னும் ஒரே மாதிரி மூக்கு. டீசலில்தான் ஓடியது என்றாலும் அது போட்ட குறைந்த சத்தத்தைக் கேட்டு ஊரில் எல்லோரும் 'கரண்ட் கோச்சி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதல் நாள் அக்காவே கடவையில் தேங்காய் உடைத்தார். அன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு ஊர்ந்து போனதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதற்காகவே பாலத்தின் தளர்ந்த தகடுகளையெல்லாம் இறுக்கியிருந்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த நாளே கால் மணி நேரத்துக்கு முன்பே மரத்தை இறக்கினார். உழவு மெஷின்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

மூன்றாம் நாள் நான் போய் நின்றபோதும் மரம் இறங்கித்தான் இருந்தது. எனக்கோ அவசரம். நான் வேலை செய்யும் கந்தோரில் எட்டரைக்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு கீறிவிடுவார்கள். பிந்திப் போய் அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது எனக்கு உயிர் போகிற விஷயம், அப்படித்தான் அன்று நினைத்திருந்தேன்.

"தூக்குங்க அக்கா. பாலம் இன்னும் கத்தல்லயே."

"வேணா புள்ள. இது சத்தம் போடாத சாமான்."

"பாலம் கத்தாமக் கோச்சி வராதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா வளைவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். கோப்பையைத் தூணில் வைத்துவிட்டு மரத்தைத் தூக்கினார். நான் தண்டவாளத்தில் ஏறவும் ஹோர்ன் கேட்டது. வளைவில் அந்த வெள்ளை மூக்கு. பிரேக்கை இறுக்கி அங்கேயே நின்றுவிட்டேன். என் கைப்பை வாரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தது மட்டும் தெரியும். விழுந்து எழும்பிப் பார்த்தபோது, எறியுண்ட ஸ்கூட்டியின் ஒரு பாகம், என்னை இழுத்துவிட்ட அக்காவின் வலது முழங்காலை நொறுக்கியிருந்தது.

விசாரணை ரயில் ஸ்டேஷனில் நடந்தது. அக்காவை முச்சக்கரவண்டியில் கொண்டுவந்து மர வாங்கில் இருத்தினார்கள். ஏன் தூக்கினாய் என்று அதிகாரி கேட்டார். "பாலம் கத்தல்ல ஐயா" என்றார் அக்கா. அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பக்கம் திரும்பி, நீங்கள் வரும்போது கேற் எப்படி இருந்தது என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நானே திடுக்கிட்டுப் போனேன்.

"திறந்துதான் இருந்தது."

அக்கா என்னைப் பார்த்தார். மரத்தை இறக்காமல் விட்டார் என்று அவருடைய வேலை போனது. தானாக இறங்கும் கேற்றும் மணியும் வந்தன. நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. வெட்கம் என்று சொல்வேன், உண்மையில் பயம்.

போன மாதம் வாழைச்சேனையில் ஒரு கலியாணவீடு முடிந்து அதே கோச்சியில் திரும்பினேன். யன்னலோரம் கைத்தடியோடு அக்கா. மகள் வீட்டிலிருந்து மட்டக்களப்புக் கிளினிக்குக்குப் போகிறாராம். "வா புள்ள, இரி" என்று பையை நகர்த்தினார். மடியில் பிளாஸ்க். அதற்குப் பக்கத்தில், கடவுளே, அதே எனாமல் கோப்பை.

நான் சொல்லிவிட்டேன். நான்தான் தூக்கச் சொன்னது என்று அழுகையோடு சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்ன புள்ள, தூக்கினது நான்தானே" என்றார். கோப்பையில் தேநீரை ஊற்றி யன்னல் விளிம்பில் எனக்கு வைத்தார். "கால் போனதக்கூட விட்டுட்டன். ஆனா நீ 'திறந்துதான் இருந்தது' எண்டு சொன்னாய் பாரு, அத மறக்கத்தான் ஒண்ணாமக் கிடக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மருந்துச் சிட்டையைப் படிப்பதுபோலச் சொன்னார்.

அதற்குள் பாலம் வந்தது. அக்கா தலையைச் சரித்துக் காது கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கள் கடவை வந்தது. கேற் இறங்கியிருந்தது, மறுபக்கம் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. தேநீர் அசையவே இல்லை. ஆனாலும் அக்கா கையை நீட்டி, கோச்சி கடவையைக் கடந்து முடியும் வரைக்கும் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.