ரைட் என்றால் வலது பக்கம்

போன வருஷம் ஆஸ்திரேலியாவில், என் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஸ்டேடியத்தில் இது நடந்தது. நான் திருநெல்வேலிக்காரன். பாபநாசம், மாஞ்சோலை பஸ்களில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது.

அங்கே ரக்பி உலகக் கோப்பை வரப்போகிறது என்று ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. முட்டை மாதிரி இருக்கும் பந்தை இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓடுவார், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். எனக்குத் தெரிந்த ரக்பி அவ்வளவுதான். ஆனால் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றதும் பெயர் கொடுத்துவிட்டேன். கூட்டம் எனக்கென்ன புதுசா? உள்ளூர் ஆட்டம் ஒன்றில் ஒத்திகை. அதில் தேறினால்தான் உலகக் கோப்பையில் இடம். நானோ தேறுவதற்கு முன்னாலேயே அவர்கள் தந்த மஞ்சள் சட்டையோடு படமெடுத்து, பழைய டிப்போ நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்பியாயிற்று.

வெளியே போகும் வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். நேரே போனால் ரயில் நிலையம். வலது பக்கம் ஒரு சந்து, அதன் கடைசியில் பூட்டிய கேட். எல்லாரையும் நேரே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஆட்டம் முடிந்து கூட்டம் வந்தது. என் முன்னால் கொஞ்சம் தயங்கி நின்றது. பஸ்ஸில் தட்டுகிற பழக்கத்தில் பக்கத்திலிருந்த தகரத் தடுப்பைத் தட்டி, "ரைட்! ரைட்!" என்று குரல் கொடுத்தேன்.

மொத்தக் கூட்டமும் வலது பக்கம் திரும்பியது.

என்ன மனுஷர்கள் இவர்கள், போகச் சொன்னால் சந்துக்குள் போகிறார்களே என்று எனக்குக் கோபம். இன்னும் உரக்க, "ரைட்! ரைட்!" என்றேன். இன்னும் வேகமாகத் திரும்பினார்கள். சந்து நிறைந்துவிட்டது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அப்போது எதிர்ப்பக்கம் நின்ற இன்னொரு தன்னார்வலர் தலைதெறிக்க ஓடி வந்தார். காயல்பட்டினத்துக்காரர், காலையில்தான் பழக்கமானவர்.

"அண்ணாச்சி, ரைட்டுன்னு சொல்லாதிய! இங்கன ரைட்டுன்னா வலது பக்கம்லா!"

சட்டென்று சந்துப் பக்கம் திரும்பினேன். வாய் தானாகத் திறந்தது. அடிவயிற்றிலிருந்து, "ஹோல்டா...ன்!" என்று ஒரு சத்தம் போட்டேன். அது அவர்களுக்கு அப்படியே புரிந்தது. அத்தனை பேரும் நின்றார்கள்.

அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரிந்த வேலை. மாஞ்சோலை மலைப்பாதை வளைவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டி வந்தால், கண்டக்டர்தான் இறங்கிப் பின்பக்கம் நின்று வழி சொல்ல வேண்டும். அதேபோல், கடைசி வரிசையை முதலில் திருப்பினேன். பிறகு அதற்கு முந்தின வரிசை. "பைய, பைய" என்று தமிழிலேயே சொன்னேன். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அதன் அப்பா வெளியே வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பொறுப்பாளர் அம்மா வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே மஞ்சள் சட்டையைக் கழற்றி நீட்டினேன். தெரிந்த இங்கிலீஷில் கண்டக்டர் கதையைச் சொன்னேன். முகத்தை இறுக்கமாக வைத்துக் கேட்டவர், தடுப்பைத் தட்டிக் காட்டியதும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சட்டையைத் திருப்பிக் கொடுத்து, உலகக் கோப்பையின்போது நிறுத்துகிற வேலை மட்டும் எனக்கு, அனுப்புகிற வேலை வேறு ஆளுக்கு என்றார்.

காயல்பட்டினத்துக்காரர் என் காதோரம், "இனி நீங்க ஹோல்டான் மட்டும் போடுங்க அண்ணாச்சி, ரைட்டை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

இப்போது ஊருக்கு வந்திருக்கிறேன். முப்பது வருஷமும் நான் சொன்னது ஜனங்களுக்குப் புரிந்தது என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன். அதில் பாதி வேலையை அவர்கள்தான் செய்திருக்கிறார்கள் என்பது, ஜங்ஷனில் பஸ் ஏறி கண்டக்டர் "ரைட்" சொல்லும்போதெல்லாம் நினைவுக்கு வந்து, எனக்குள் சிரித்துக்கொள்கிறேன்.