லஸ் கார்னரைக் கவ்வும் டயர்

ஒரு வாரமாகக் குளியலறையில் ஒளிந்துகொண்டு டயர் வீடியோ பார்க்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்களுடையது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வேகக் கார். டயர்கள் என் தலையைப் போலவே வழுக்கையாகிவிட்டன.

இன்று கே.கே. நகர் டயர் கடையில் உட்கார முடியாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, "கார்னர்ல திரும்பும்போது ரோட்டை அப்படியே கவ்வணும்" என்றேன்.

"எந்த கார்னர்? எப்பவும் டிராஃபிக்ல ஊர்ந்துட்டுப் போற லஸ் கார்னரா?" என்றாள் மனைவி. "சத்தம் போடாத டயரா குடுங்க."

"சரி, முன்னாடி ரெண்டு எனக்கு, பின்னாடி ரெண்டு உனக்கு."

கடைக்காரர் பதறிவிட்டார். "ஐயோ சார், இந்த வண்டிக்கு நாலும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லாங்காட்டி கியர்பாக்ஸே பூடும்!"

முடிவெடுக்காமல் திரும்பிவிட்டோம். இன்னும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிடிப்பா, அமைதியா? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

வண்டி ஓட்டுவது அவள்தான். எனக்கு லைசென்ஸ் கிடையாது.