முப்பத்தெட்டு நிமிடம்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவரை எல்லோரும் 'முப்பத்தெட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சின்ன விமான நிலையம். இடையே நூற்றெண்பது கிலோமீட்டர். சாலையில் போனால் ஆறு மணி நேரம், இடுப்பு கழன்றுவிடும். விமானத்தில் முப்பத்தெட்டு நிமிடம். தினமும் ஒரே ஒரு விமானம். அது கிளம்பியதும் அங்குள்ள குமாஸ்தா தொலைபேசியில் சொல்வார். இங்கே இறங்கியதும் இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உடனே தேட ஆள் கிளம்பும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் பிழைப்பு.

இத்தனை வருடத்தில் விமானம் ஒரு நாள்கூடக் காலை வாரவில்லை. மனுஷனுக்கு மெத்தனம் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவதையே விட்டுவிட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார், ரிசீவரை எடுப்பார், "இறங்கிடுச்சு" என்பார், அவ்வளவுதான்.

"ஃப்ளைட்டே என்னைக் கேட்டுத்தான் இறங்கும்" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

"நீங்க மட்டும் நேரத்துக்கு வீடு வந்து சேராதீங்க" என்று அவள் வாருவாள்.

அன்று அந்த விமானத்தில் அவருடைய ஒரே மகள். ஒன்றரை வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறாள். நாலு பத்துக்குக் கிளம்பியது என்று தகவல் வந்தது. நாலு நாற்பத்தெட்டுக்குப் பழக்க தோஷத்தில் "இறங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிவர எழுந்து போனார்.

ஓடுபாதை வெறிச்சோடிக் கிடந்தது. இதோ வந்துவிடும் என்று நின்றார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமே என்ற பயமும்தான். ஐந்தே காலாயிற்று. வானத்தில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இவர் வார்த்தையை நம்பி ஒருவரும் தேடப் போவதில்லை.

அறைக்கு ஓடி வந்து ரிசீவரைக் காதில் வைத்து எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுப்பதற்குள் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மகள்!

"அப்பா, எங்க போயிட்டீங்க? நாங்க இறங்கி அரை மணி நேரமாச்சு."

"எங்கம்மா இருக்க?"

"உங்க ரூம்லதான். மேஜை மேல உங்க கண்ணாடி இருக்கு. போன் ரிசீவர் தொங்கிட்டு ஆடுது. ஒரு ஆளையும் காணோமே, எனக்குப் பயமா இருக்குப்பா."

கண்ணாடி மேஜை மேல்தான் இருந்தது. ரிசீவர் அவர் கையில் இருந்தது. அறையில் அவரைத் தவிர யாருமில்லை.

"அண்ணே, சொல்லுங்க" என்றது ரிசீவரில் குமாஸ்தாவின் குரல்.

தான் சொன்ன அந்தப் பொய்யில்தான் மகள் நின்றுகொண்டிருக்கிறாள் என்று ஏனோ அவருக்குப் பட்டது. அந்தப் பொய்யைக் கலைத்தால் அவள் என்ன ஆவாளோ? ஆனால் விமானம் மலையில் விழுந்து, அவள் அங்கே உயிரோடு கிடந்தால்? பெற்ற மனசு பதறியது.

"தம்பி, ஃப்ளைட் வரல. நான் பார்க்காமலே சொல்லிட்டேன். தேட ஆள் அனுப்புங்க."

"யார்கிட்டப்பா பேசுறீங்க? நான்தான் வந்துட்..."

அதற்கு மேல் அவள் குரல் கேட்கவில்லை.