செவலையின் காது

காளியாயி குரலை உயர்த்திப் பேசிச் செம்மநத்தம் ஊரில் யாரும் கேட்டதில்லை. அந்த நல்ல பேரையும் கெடுத்துவிட்டது இன்சூரன்ஸ் கம்பெனி.

புருஷன் போன பிறகு, ஒற்றைச் செவலைப் பசுவின் பாலை ஏற்காட்டு ஓட்டல்களுக்கு ஊற்றித்தான் அவள் அடுப்பு எரிந்தது. எண்பத்தாறாம் வருஷம் ஏஜெண்டு முனியப்பன் மலையேறி வந்தான். ஊர் மாடுகளின் காதிலெல்லாம் நம்பர் வில்லையைக் குத்தினான்.

"மாடு செத்தா மறு மாடு வாங்கப் பணமுங்கக்கா. கவலையே படாதீங்க" என்று தேனொழுகப் பேசிக் கைரேகை வாங்கிக்கொண்டு போனான். அந்த வில்லைதான் சாட்சி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்!

மறு தையில் செவலை வயிறு உப்பிச் செத்தது. மாட்டு டாக்டர் பார்த்து, செத்ததற்குச் சீட்டு எழுதினார். பால் கொடுத்த மாட்டை அங்கம் குறையாமல், மஞ்சள் நீர் தெளித்துப் புதைப்பது காளியாயி வீட்டு வழக்கம். அப்படியே புதைத்தாள்.

சேலத்து ஆபீசில் அதிகாரி அந்தச் சீட்டை ஒதுக்கித் தள்ளினார். "வில்லையோட காதை அறுத்துக் கொண்டாம்மா. இல்லாட்டி ஒண்ணும் நடக்காது."

"ஏனுங்க சார், பொதைச்சு நாலு நாளாச்சுங்களே!"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

பாவிகள், கேட்கிற கேள்வியைப் பார்! வேறு மாடு வாங்க வேறு வழியில்லை. அழுதுகொண்டே தோண்டினாள். அறுத்தது அவள் கைதான். காதை இலையில் சுற்றி, பால் கொண்டுபோகும் தூக்குப்போசியில் வைத்து இறுக மூடினாள். அப்படியும் நாற்றம் தாங்காமல் கண்டக்டர் பாதி மலையிலேயே இறக்கிவிட்டான். அடுத்த பஸ் பிடித்துப் போய்க் காதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வில்லை நம்பரைப் படித்தார். நோட்டைப் புரட்டினார். அந்த நம்பர் பக்கத்து வீட்டு ராசம்மாள் மாட்டுக்கு எழுதியிருந்தது; காளியாயி மாட்டுக்கு வேறு நம்பர். முனியப்பன் டீக்கடையில் உட்கார்ந்து மனம்போனபடி நிரப்பிய லட்சணம் அது. அவனோ வேலையை விட்டே போய்விட்டானாம்.

"எங்க ரிக்கார்டுப்படி உன் மாடு உயிரோட இருக்கும்மா. பணம் தர முடியாது."

காளியாயி காலித் தூக்குப்போசியை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள். அவள் போட்ட சத்தத்தில் ஆபீசே எழுந்து நின்றது.

"உசுரோட இருக்குதுங்களா? அப்ப நீங்களே கறந்து குடுங்க சார். ஓட்டல்ல ஆறு நாளாப் பாலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க!"