ஊருக்கே ஒரே சர்க்கரை

காலையில் ரத்தம் எடுக்க வந்த பெண் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு என் கையில் தேய்த்தாள். அந்த வாசனை போதும், நான் சிதம்பரத்தில் இருந்தேன். கோயில் பக்கத்துச் சந்து, ஒரு சின்ன லேப்.

என் மகள் சுமதி தனியாகப் பிடித்த முதல் வேலை அங்கேதான். நோயாளி பேரை அமுக்கினால் அவர் ரிசல்ட் திரையில் வரவேண்டும். கடலூர் வீட்டில் அதற்கான புரோகிராமை எழுதி, எனக்கு ஓட்டியும் காட்டினாள். லேபில் போட்டால் வெறும் வெள்ளைத் திரை. அவர்கள் கம்ப்யூட்டர் அவ்வளவு பழசு. புதுசு வாங்க முதலாளி மசியவில்லை.

"இதுலயே ஓடணும்மா. இல்லன்னா சென்னக்காரங்ககிட்ட குடுத்துடுவேன்."

புது முறையில் எழுதியதையெல்லாம் சுமதி பழைய முறைக்கு மாற்றினாள். மறுபடி பஸ் ஏறினோம். நான் எதற்கு என்கிறீர்களா? சோற்று டப்பா தூக்க. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மகள் ஜெயிப்பதைப் பார்க்க அது போதாதா?

திரை திறந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலாளி ஒரு பேரை அமுக்கினார். பட்டியலில் கடைசியாக இருந்த கிள்ளை ஊர்ப் பெரியவரின் சர்க்கரை வந்தது. அடுத்த பேருக்கும் அதே. அதற்கடுத்ததற்கும் அதே.

"ஏம்மா, ஊருக்கே சர்க்கரையா?"

அந்தப் பெரியவர் பெஞ்சிலேயே இருந்தார். "எனக்குத்தான் ஜாஸ்தியாச்சே, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவரைக் கடித்துத் தின்னலாம் போலிருந்தது.

"அரை மணி நேரம் குடுங்க சார்" என்றாள் சுமதி.

"என்னடி ஆச்சு?"

"புது முறையில ஒவ்வொருத்தருக்கும் தனி ரூம்மா. பழசுல ஒரே கூடம், ஒரே நாற்காலி. கடைசியா வந்தவரு எழுந்திருக்கவே இல்ல. ஆளுக்கொரு தடுப்பு கட்டணும்."

"கட்டுடி. சோறு ஆறுது."

கட்டினாள். முதலாளி பேர் பேராக அமுக்கினார். அவரவர் ரிசல்ட் அவரவருக்கு வந்தது. கடைசிப் பேர்வரை பார்த்துவிட்டு, "எங்க வடலூர் லேபுக்கும் நீயே போட்டுடும்மா" என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கடலூர் வரும்வரை இதையே சொன்னேன். சுமதி என் தொடையில் கிள்ளிக்கொண்டே வந்தாள். நான் நிறுத்தவில்லை.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர்கள் எங்கும் இல்லை. அப்படி மாற்றும் வேலையும் இல்லையாம். தேவைப்பட்டாலும் ஒரு புரோகிராமே நொடியில் செய்துவிடுமாம். முதலாளி காலமாகிவிட்டார், லேப் செல்போன் கடையாகிவிட்டது. "நான் எழுதுனதெல்லாம் எப்பவோ அழிச்சிருப்பாங்கம்மா" என்கிறாள் சுமதி, கிழிந்த துணியைப் பற்றிச் சொல்வதுபோல.

அழிக்கட்டும். அது ஓடிய காலம்வரை ஒருத்தர் நோய் இன்னொருத்தர் பேரில் போகவில்லை. கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்தி இருக்கிறேன்.