எதுக்கெல்லாம் பொட்டு?

போன வாரம், ஆயுத பூஜை அன்று காலையில் என் லேப்டாப்பைக் காணோம். தேடிப் போனால்... பூஜை அறையில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், பக்கத்தில் துணைக்கு அரிவாள்மணை!

பூஜையில் வைத்ததை மறுநாள்தானே தொட முடியும்? நானோ சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்குப் பத்தி எழுதி அனுப்பியாக வேண்டும். மாடியில் பழைய டெஸ்க்டாப் இருக்கிறதே என்று ஏறினேன். அதற்கு மாலையே போட்டாகிவிட்டது. மகளின் டேப்லெட்டுக்கு மட்டும் குட்டியாக ஒரு பொட்டு. சைஸ் பார்த்து வைத்திருக்கிறாள் என் மனைவி மல்லிகா.

“செல்போனையாவது விட்டு வையேன்” என்றேன்.

“அதுவும் கம்ப்யூட்டரா, இல்லையா? மொதல்ல அதைச் சொல்லுங்க.”

எனக்கு எங்கே தெரியும்? நல்லவேளை, எதிர்வீட்டு சிக்கந்தர் வந்தார். பேகம்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். வருஷா வருஷம் எங்கள் வீட்டுப் பொரி கடலைக்கு முதல் ஆள். பஞ்சாயத்து அவரிடம் போனது.

“போனும் கம்ப்யூட்டர்தேங்க்கா. வாஷிங் மெஷின், காய்க்கடைத் தராசு... உள்ள சிப்பு இருந்தா அம்புட்டும் கம்ப்யூட்டர்தேன். லேப்டாப்பும் போனும் நாம சொல்ற நூறு வேலையைப் பாக்கும். மெஷினும் தராசும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பாக்கும்.”

“அப்ப பேங்க்ல இருக்கிறது?”

“அது சர்வர்க்கா. ஆயிரம் பேர் ஒரே நேரத்துல கேட்டாலும் பதில் சொல்லும். அதுக்கும் மேல சூப்பர் கம்ப்யூட்டர். புயல், மழைன்னு கணக்குப் போடும். ஒரு ஹால் முழுக்க நிக்கும்.”

“அதுக்குப் பொட்டு வைக்க ஒரு அண்டா சந்தனம் வேணுமே!” என்றேன்.

மல்லிகா சிரிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள், இடது தோளுக்குக் கீழே மெல்லத் தொட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அங்கே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அன்றிலிருந்து பயம். மிக்ஸி ஓடினால் தள்ளி நிற்பாள். தும்மினால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். ‘நின்னு போச்சுன்னா?’ — தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள். டாக்டர் சொல்லியும் தீரவில்லை. எனக்கும் பயம்தான், வெளியே சொல்லவில்லை.

“இதுவுமா தம்பி?”

சிக்கந்தருக்குப் புரிந்துவிட்டது. “ஆமாக்கா. ரொம்பச் சின்னது. நெஞ்சு ஒழுங்கா துடிக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கும். செத்த சுணங்குனா லேசாத் தட்டிவிடும். வேற ஜோலியே கிடையாது. நூறு வேலை பாக்கறதுகதேன் ஹேங் ஆகி எங் கடைக்கு வருதுக. ஒரே வேலை பாக்கறது அம்புட்டு லேசுல மக்கர் பண்ணாதுக்கா.”

மல்லிகா சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

“அப்ப... இதுக்கும் பொட்டு வச்சா, நாளைக்கு வரைக்கும் இதுவும் லீவுல போயிருமே?”

சிக்கந்தர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். உதட்டோரத்தில் சிரிப்பு! ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அடித்த முதல் ஜோக். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தியாவது, ஒன்றாவது...

மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, அந்த இடத்தில் வைத்துக்கொண்டாள்.

“இந்தா பாரு... இன்னைக்கு அம்புட்டுக்கும் லீவு. நீ மட்டும் ஒழுங்கா டூட்டி பாரு!”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கம்ப்யூட்டரையா, மல்லிகாவையா என்று கேட்காதீர்கள்.