ஓடைக்காக எழுதிய மூன்று மனுக்கள்

அந்தத் தெருவில் நாங்கள் ஏழு வருஷம் வாடகைக்கு இருந்தோம். சிவகாசியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய சின்ன ஊர். நான் அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் குமாஸ்தா வேலை. தெருவில் எங்களைத் தவிர எல்லோருமே தீப்பெட்டி ஆபீஸுக்கோ வெடிக் கம்பெனிக்கோ போகிறவர்கள். அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் பிழைத்தார்கள். இவர்கள் உடம்பெல்லாம் மருந்து வாடையோடு வீடு திரும்பினார்கள்.

ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்பு. குடிதண்ணீர் தெருக்கோடி ஊருணியில்தான். மேற்கே மேட்டுப் புஞ்சையில் பெய்கிற மழை ஒரு ஓடை வழியாக இறங்கி வந்து அதை நிரப்பும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை விழுந்தால் சித்திரை தாண்டியும் தாங்கும். விழாத வருஷம் நான்கு மைல் நடந்து சுமக்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம் என்று நினைவு. ஒருநாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கும்.

"டீச்சர், ஓடைப் பக்கம் கல்லு நட்டுக்கிட்டிருக்காக. என்னன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல. போர்டு ஆபீசு செவுத்துல ஏதோ தாளு ஒட்டியிருக்காம். ஒரு எட்டு வந்து வாசிச்சுச் சொல்லுங்களேன்."

போய்ப் படித்தேன். குமாஸ்தாக்கள் சிலர் சேர்ந்து தொடங்கியிருந்த வீடு கட்டும் சங்கம் ஒன்று அந்த மேட்டை வாங்கியிருந்தது. காலனி கட்ட மனை பிரித்து, பஞ்சாயத்து போர்டின் அனுமதி கேட்டிருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அதில் இருபது நாள் ஏற்கெனவே போயிருந்தது. கூடவே ஒரு படமும் இருந்தது. ரோடு, மனை, பூங்கா எல்லாம் அழகாகப் போட்டிருந்தார்கள். ஓடை இருக்க வேண்டிய இடத்தில் ஓடை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் வைத்து மனு எழுதினேன். காலனி வருவதை நாங்கள் தடுக்கவில்லை, ஓடையை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதுதான் சாரம். பள்ளிக்கூடத்து மைப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தேன். அறுபது எழுபது பேர் வரிசையாக வந்து கைநாட்டு வைத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நேத்து என்ன, வீட்டுல ஒரே கூட்டம்?"

சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"அந்தச் சங்கத்துல நானும் ஒரு மெம்பர். பதினாலாம் நம்பர் மனை நமக்கு. ஆர்டர் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

"ஓடையை மறிச்சிருக்கீங்களே."

"நானா மறிச்சேன்? படம் போட்டவன் போட்டான். எத்தனை வருஷத்துக்கு ஒழுகுற ஓட்டு வீட்டுல கெடக்க? நீ சொல்லு."

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் நாங்கள் படுக்கையை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு திரிந்தது எனக்கும் தெரியும். ஒரு கிணறு, ஒரு சமையலறை, பின்னால் ஒரு முருங்கை என்று நானும் மனசுக்குள் வீடு கட்டிப் பார்த்தவள்தான். அன்றைக்கே எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

போர்டு எங்களை மூன்று தடவை வரச்சொன்னது. முதல் தடவை தலைவர் விருதுநகர் போய்விட்டார். இரண்டாம் தடவை உறுப்பினர்கள் போதவில்லை. இரண்டு தடவையும் தெருப் பெண்கள் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து வேப்பமரத்தடியில் காத்துக் கிடந்து திரும்பினார்கள். முதல் தடவை முப்பது பேர், இரண்டாம் தடவை இருபது, மூன்றாம் தடவை பதினொரு பேர். சீசன் நேரம். அதற்குமேல் லீவு போட்டால் வேலைக்கே வராதே என்று சொல்லிவிடுவார்கள். மூன்றாம் தடவை நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நிர்வாக அதிகாரி மனுவை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"இது யாரு எழுதினது?"

"நாங்கதான்யா" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"உனக்கு எழுதத் தெரியுமா?"

அக்கா பேசாமல் நின்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நிற்கிறார் என்பது புரிந்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன்.

"நான் எழுதினேன் சார்."

அவர் என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். சொன்னேன். பக்கத்திலிருந்த பட்டியலில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பதினாலாம் நம்பர் மனை உங்க வீட்டுக்காரருக்குத்தானே அலாட் ஆகியிருக்கு? வீடும் வேணும், ஆட்சேபணையும் பண்ணணுமா?"

உறுப்பினர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஓடையைப் பற்றிப் பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. அது வருஷத்தில் பத்து நாள்தான் ஓடுகிறது, ரெவின்யூ படத்திலும் இல்லை என்று அதிகாரி சொன்னார். அனுமதி கொடுத்து அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள்.

திரும்பி நடக்கும்போது சின்னவயதுப் பெண்கள் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்கள். அக்கா மட்டும் என் வேகத்துக்கு நடந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும், டீச்சர்?"

"மனு எழுதின மறுநாள்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்க்கா."

தெரு முக்கு வந்துவிட்டது. அக்கா நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இதுக்கு மேல எங்கன எழுதிப் போடணும்?"

"கலெக்டருக்கு."

"நீங்க எழுதுவீகளா, நான் வேற ஆளப் பாக்கட்டுமா?"

"நானே எழுதுறேன்."

"அப்ப இந்தத் தடவ உங்க கையெழுத்தையும் போட்டுருங்க."

போட்டேன். அதை என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "உன் இஷ்டம். ஆனா மனைய நான் விடமாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் உப்பு, மோர் என்று கேட்டதைத் தவிர வேறு பேச்சில்லை.

அப்போது எங்களுக்கு ராமநாதபுரம் ஜில்லா, கலெக்டர் ஆபீஸ் மதுரையில். நானும் அக்காவும் விருதுநகர் போய் பஸ் மாறி மதுரைக்குப் போனோம். அக்கா அதுவரை மதுரைக்குப் போனதில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. மத்தியானம் வரை ஒரு வராந்தாவில் நின்றோம். கடைசியில் ஒரு குமாஸ்தா மனுவை வாங்கி முத்திரை குத்தி உள்ளே வைத்தார். "அம்புட்டுத்தானா?" என்றார் அக்கா. அம்புட்டுத்தான். கட்டுச்சோற்றைப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஏழெட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தண்ணீர் போக்குக்குத் தக்க ஏற்பாடு செய்யும்படி போர்டுக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது என்று இரண்டே வரி. தக்க ஏற்பாடு என்றால் காலனி ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய். ஒரு ஆள் தவழ்ந்து போகவே முடியாத குழாய். ஓடையை மூடிவிட்டு அதைப் புதைத்தார்கள். பார்க்க வந்த அக்கா குனிந்து அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் நாங்கள் பதினாலாம் நம்பர் வீட்டுக்குக் குடிபோனோம். போகாமல் இருந்திருக்கலாமே என்று பிற்பாடு சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்; ஒழுகாத கூரை வேண்டியிருந்தது. இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. பால் காய்ச்சிய அன்று தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அக்கா வேலை முடிந்து சாயங்காலம் வந்தார். "நல்லா காத்து வருது டீச்சர்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், நான் காபி போட்டு எடுத்துவருவதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

முதல் மழையிலேயே குழாய் முள்ளும் மண்ணும் அடைத்துக்கொண்டது. ஊருணிக்குப் போனது முழங்காலளவு தண்ணீர்கூட இல்லை. மாசி பிறக்கும் முன்னே தெருப் பெண்கள் குடத்தோடு நான்கு மைல் நடக்கத் தொடங்கினார்கள். காலனிக்குப் பொதுவாக வெட்டிய கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் விழுந்திருந்தது; அதில் தெருப் பெண்களை இறைத்துக்கொள்ள விடும்படி சங்கத்தில் பேசிப் பார்த்தேன். அதற்குச் சங்கம் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணறும் உப்பாகவே அமைந்துவிட்டது.

இரண்டாம் வருஷம் மழை பலமாக அடித்தது. மறிபட்ட தண்ணீர் திரும்பிக் காலனியின் தாழ்ந்த மனைகளுக்குள் ஏறியது. எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு. இருபது வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் கூடினார்கள். டீச்சருக்குத்தான் மனு எழுதி அனுபவம் இருக்கிறதே என்று என்னையே எழுதச் சொன்னார்கள். முதல் மனுவில் எழுதிய அதே வரிகளைத்தான் எழுதினேன். என் வீட்டுக்காரர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரே வாரத்தில் ஜீப் வந்தது. முன்பு பட்டியலில் விரலை ஓட்டிய அதே அதிகாரிதான் இறங்கி வந்து, வேட்டி நுனி நனைய நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு மாதத்துக்குள் குழாயைப் பெயர்த்துப்போட்டு ஓடையைத் திறந்துவிட்டார்கள். குறுக்கே ஒரு சின்னப் பாலம் கட்டினார்கள். யாரும் யாரையும் மூன்று தடவை வரச்சொல்லவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது அக்கா வந்து என்னோடு நின்று பார்த்தார்.

"அதே ஓடதான டீச்சர்?"

"அதேதான்க்கா."

"நம்ம மனுவுல என்ன குத்தம் எழுதிட்டோம்?"

ஒரு குற்றமும் இல்லை என்றேன். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கொட்டாவி விட்டபடி, கார்த்திகை மழை இன்னும் ரெண்டு விழுந்தால் இந்த வருஷம் தப்பிச்சிரலாம் என்றார்.

இரண்டு மழை விழுந்தது. ஊருணி முக்கால்வாசி நிறைந்தது.